சில்லுப் போன பெட்டியும் 'கெட்' என்ற சொல்லும்

தங்கை சாந்திக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். சமைத்துப் போட ஆள் இல்லை. அதனால் நான் இத்தாலிக்கு, பலெர்மோவுக்குப் போனேன். நெல்லியடியில் ஆயுளில் பாதியை ஆங்கிலம் படிப்பித்தே கழித்துவிட்டு, போன வருடம்தான் ரியூசன் கொட்டிலைப் பூட்டித் திறப்பைக் காணிக்காரரிடம் கொடுத்தவள் நான். இனி எந்தப் பிள்ளைக்கும் இறந்தகாலம் நிகழ்காலம் சொல்லித் தருவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அந்த முடிவு சிசிலித் தீவில் ஒரு பொழுதுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

விமான நிலையத்தில் என் பெட்டி வாயைப் பிளந்துகொண்டுதான் பட்டியில் சுற்றி வந்தது. உள்ளே இருந்த கறித்தூள் பார்சல் வெடித்து, சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். பெட்டி யாருடையது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார்கள், அவ்வளவுதான். தங்கையின் கணவர் சிவகுமாரன், எங்களுக்குச் சிவம், ஒரு கயிற்றைக் கொண்டுவந்து பெட்டியைக் கட்டினார். ஒரு சொல்லும் கேட்காமல் கட்டினார். மனுசன் இவ்வளவு அடக்கமாக இருந்தால் பின்னால் ஏதோ வரப்போகிறது என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் தொடங்கினார்.

"மச்சாள், ஒரு சின்ன விசயம்."

"சொல்லுங்கோ தம்பி."

"ஒரு சீனப் பொம்பிளைக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்க வேணும். நீங்கள் பகலிலை சும்மாதானே இருக்கப் போறியள் எண்டு நினைச்சு, ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

மூக்கில் இன்னும் மிளகாய் எரிந்துகொண்டிருந்தது. சும்மா இருக்கப் போகிறேனாம். ஊரில் என்றால் இறங்கி நடந்திருப்பேன். ஆனால் பஸ் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மொட்டை மலையுமாக ஓடிக்கொண்டிருந்தது, இறங்கி எங்கே போவது?

சிவம் வேலை செய்வது ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு சீனக் கடையில். பெட்டி இறக்குவது, அடுக்குவது, ஏணியில் ஏறி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். கடையைப் பார்ப்பவள் லின். சாந்தி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "கடையை நான் பார்க்கிறேன், நீ போய் மனைவியைப் பார்" என்று சிவத்தை நாள்கணக்காக அனுப்பிவைத்தவள் அவள். இஞ்சி போட்ட கஞ்சி வேறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். இதைக் கேட்ட பிறகு நான் முடியாது என்று சொன்னால் என்னை மனுசி என்று யாரும் மதிக்கமாட்டார்கள். சிவத்துக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

தங்கை வீடு போர்கோ வெக்கியோவில், நான்காம் மாடியில். மின்தூக்கி கிடையாது. சாந்தி வயிற்றில் தையலோடு பல்கனியில் நின்று, கயிற்றில் ஒரு கூடையைக் கீழே இறக்குவாள். பாண்காரன் பாணை வைப்பான், அவள் மேலே இழுப்பாள். பக்கத்து வீட்டுக்காரிகளும் அப்படித்தான் செய்கிறார்கள். வயிறு கிழித்தவள் கயிறு இழுப்பதா என்று நான் கத்தினேன். "பெரியம்மா, calma" என்றாள் அவள் மகள் அபி, கைபேசியில் இருந்து தலையைத் தூக்காமல். அமைதியாக இருக்கட்டாம். சாந்தி மகளோடு தமிழில் கதைக்கிறாள், மகள் இத்தாலியனில் பதில் சொல்கிறாள். இருவரும் சண்டை பிடிக்கும்போது மட்டும் எந்த மொழியென்று பிரிக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார் சிவம். வழியில் காப்பி குடிப்போம் என்றார். முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார்கள். பிறகு பொம்மைக் கோப்பை ஒன்றில், அடியை நனைக்கும் அளவுக்குக் கறுப்பாக ஏதோ வந்தது. எங்கள் ஊரில் இந்த அளவில் கஷாயம்தான் கொடுப்பார்கள், அதற்கும் ஒரு பனங்கட்டித் துண்டு தருவார்கள். பக்கத்தில் நின்றவர் நல்ல கொழுத்த பனிசுக்குள் ஐஸ்கிரீமை அடைத்துக் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் அபிப்பிராயத்தைச் சொல்ல அங்கே பாஷை இல்லை.

கடைக்குள் பிளாஸ்டிக் பூ, குடை, எலிப்பொறி, பெண்களின் உள்ளாடை, பயணப்பெட்டி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. நாங்கள் போனபோது லின் ஒரு கிழவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தாள். நிலம் துடைக்கும் தும்புத்தடி ஒன்று இருவர் கையிலும் இழுபட்டது. சிவம் என் காதில் மொழிபெயர்த்தார்.

"விலையைக் குறைக்கச் சொல்லி சிஞ்ஞோரா கேக்கிறா. உந்த விலைக்குத் தடிதான் வரும், தும்பு வராது எண்டு லின் சொல்லுறா."

சிஞ்ஞோரா என்றால் இத்தாலியனில் அம்மணி. கிழவி கையை விரித்து வானத்தைக் கூப்பிட்டாள். லின் அவளைவிட அகலமாக விரித்தாள். கிழவி ஒன்று சொல்ல வாயெடுத்தாள், லின் அதை முடிக்க விடவில்லை. கடைசியில் கிழவி முழு விலையையும் கொடுத்து, லின்னின் கன்னத்தைத் தட்டிவிட்டு, "ஜூலியா, ஜூலியா" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அங்கே லின்னுக்குப் பெயர் ஜூலியா. சிவத்துக்குப் பெயர் சல்வோ. பலெர்மோக்காரரின் வாயில் நுழையாத பெயர்களைக் கடை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்தக் கணத்தில் ஆளே மாறிவிட்டாள். கையிரண்டையும் ஒன்றாக வைத்துக் குனிந்து, "லாவ்ஷி" என்றாள். சீனத்தில் ஆசிரியருக்கு அதுதான் சொல்லாம். குரல் எறும்பு நடப்பதுபோல் வந்தது. எனக்குக் கதிரை வைத்தாள், தான் ஒரு அட்டைப்பெட்டியின் நுனியில் இருந்தாள், ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"என் பெயர் லின். நான் பலெர்மோவில் வசிக்கிறேன். நான் ஆறு மணிக்கு எழும்புகிறேன்."

எங்கள் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல் தங்குதடையில்லாமல் ஓடியது. ஒரு பிழை இல்லை. எனக்கு நிம்மதி. இவ்வளவு தெரிந்தவளுக்கு நான் எதற்கு?

"நல்லது. இன்றைக்கு எத்தனை மணிக்கு எழும்பினாய்?" என்று இடையில் கேட்டேன்.

அப்படியே நின்றுவிட்டாள். முகம் சிவந்தது. "சொறி" என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, "என் பெயர் லின். நான் பலெர்மோவில் வசிக்கிறேன்" என்று முதலில் இருந்து தொடங்கினாள்.

சிவம் ஏணியில் நின்றபடியே கதையைச் சொன்னார். லின்னின் கணவன் இங்கிலாந்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். அந்த நாட்டுக் குடியுரிமை இருக்கிறது, அதனால் மகளுக்கும் இருக்கிறது. பள்ளிக்கூட வயது வந்ததும் மகளைத் தகப்பனிடம் அனுப்பிவிட்டார்கள். தாய் பின்னால் போவதாகத்தான் பேச்சு. போவதென்றால் ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். பரீட்சகர் முன்னால் இருந்து சில நிமிடம் கதைத்தால் போதும். வசந்தகாலத்தில் ரோமுக்குப் போய்ச் சோதனை எடுத்து வந்திருக்கிறாள். மூன்றாவது வசனத்திலேயே அந்தப் பரீட்சகர் "சரி, நன்றி" என்று நிறுத்தி வேறொன்றைக் கேட்டிருக்கிறார். பாடமாக்கி ஒப்புவித்தால் அப்படித்தான் நிறுத்துவார்கள். லின் தான் ஏதோ பிழை விட்டதாக நினைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எழும்பி வரும்வரை "சொறி" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு ஒன்றும் வரவில்லை.

"அடுத்த சோதினை கிட்டடியிலை வருது, மச்சாள். பிள்ளை போய் ஒண்டரை வரியம். இதுவும் போனா மனுசி உடைஞ்சு போயிடும்" என்றார் சிவம்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பிக்கத் தொடங்கினேன்.

முதல் நாலு நாளும் எங்களைக் கொன்றது 'கெட்' என்ற ஆங்கில வினைச்சொல். லின்னின் கைபேசியில் அகராதி ஒன்று இருந்தது. 'கெட்' என்று அடித்தால் சீன எழுத்தில் பொருள்கள் வரிசையாக இறங்கின. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. அவ்வளவையும் அவள் பாடமாக்கியிருந்தாள். கடிதம் வந்தாலும் 'கெட்', கடையில் வாங்கினாலும் 'கெட்', படுக்கையால் எழும்பினாலும் பஸ்ஸில் ஏறினாலும் 'கெட்'. சளித் தடிமன் பிடித்தாலும் கலியாணம் முடித்தாலும் 'கெட்'தான். எந்த இடத்தில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள்.

எனக்கு இத்தாலியன் தெரியாது, அவளுக்கு விளக்கம் கேட்குமளவு ஆங்கிலம் தெரியாது. ஆகவே நான் தமிழில் சிவத்துக்குச் சொல்ல வேண்டும். சிவம் அதை இத்தாலியனில் லின்னுக்குச் சொல்வார். லின் மனதுக்குள் சீனத்துக்கு மாற்றுவாள். நான் அரை வசனம் சொன்னால் சிவம் அரை மணித்தியாலம் சொன்னார், கை இரண்டையும் ஆட்டி.

"என்ன தம்பி சொல்லுறியள் இவ்வளவு நேரமா?"

"நீங்கள் சொன்னதைத்தான். விளங்கிறதுக்காண்டி என்ரை கலியாணத்தையும் உதாரணமாச் சொன்னன்."

"என்னெண்டு?"

"கலியாணம் முடிக்கிறதும் தடிமன் பிடிக்கிறதும் அவங்களுக்கு ஒரே சொல்லுத்தான், ரெண்டும் கேட்டு வாறதில்லை எண்டு."

லின் வாயைப் பொத்திச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லை இத்தனை வேலைக்கு விட்ட ஆங்கிலேயனைத் திட்டினேன். அப்போது லின் கையை உயர்த்தி ஏதோ கேட்டாள்.

"சீனத்திலையும் அப்பிடி ஒரு சொல்லு இருக்காம். 'தா' எண்டு. அடிக்கிறது எண்டு அர்த்தமாம். ஆனா ரெலிபோனும் 'அடி'க்கிறதாம், மீனும் 'அடி'க்கிறதாம்" என்றார் சிவம்.

நான் நிமிர்ந்து இருந்தேன். "எங்கடை ஆக்களும் அதைத்தானே செய்யிறம். ரெலிபோன் அடி, மணி அடி, பெயின்ற் அடி. சோதினையிலை கொப்பி அடி. வெயில் அடிக்குது, காத்து அடிக்குது. ஆருக்கும் நோகிறேல்லை."

சிவம் இதை மொழிபெயர்த்தார். லின் கண்ணை விரித்து, "வெயிலா?" என்று கேட்டாள். வெயில் அவர்கள் ஊரில் அடிப்பதில்லையாம். ஆனால் குடை அடிக்கிறதாம், கம்பளிச் சட்டையும் பின்னுவதில்லை, அடிக்கிறதுதானாம். கொஞ்ச நேரம் மூன்று பேரும் எதையெதை அடிக்கலாம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். அது ஒன்றுதான் எரிச்சலில்லாத பொழுது. ஆனால் அதில் அவளுக்கு ஒரு ஆங்கில வசனமும் கூடுதலாக வரவில்லை. திரும்பவும் "சொல்லு, லின்" என்றேன். "என் பெயர் லின்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. எனக்கு நன்றி சொல்வதற்காக லின் எங்களை மொண்டெல்லோ கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கடற்கரை என்றால் நான் மணலை நினைத்துக்கொண்டு போனேன். மணல் தெரியவில்லை, ஆட்கள்தான் தெரிந்தார்கள். பலெர்மோ முழுவதும் வந்து எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருந்தது. நான் சேலையைக் கணுக்கால்வரை தூக்கிக்கொண்டு, படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். சிவம் உருண்டையாகப் பொரித்த சோற்றை வாங்கித் தந்தார். சோற்றை அவித்த பிறகு அதை எதற்கு உருட்டிப் பொரிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் அடுத்த உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். கடலைமாவில் மெல்லிசாகப் பொரித்த துண்டுகளைப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள், அது மட்டும் வாய்க்குப் பிடித்தது. ஒரு செத்தல் மிளகாயும் கொஞ்சம் பெருஞ்சீரகமும் போட்டிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

அங்கேதான் மகளின் அழைப்பு வந்தது. யீயீ என்று பெயர், எட்டு வயது. கைபேசித் திரையில் முன்பல் ஒன்று விழுந்த முகம். லின் சீனத்தில் எதையோ கேட்டாள். சாப்பிட்டாயா என்றுதான் இருக்கும், எல்லாத் தாய்மாரும் அதைத்தான் கேட்கிறார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். பள்ளிக்கூடம், நீச்சல், யாரோ ஒரு சினேகிதி என்று படபடவென்று கொட்டினாள். லின் தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தாள். ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை என்பது எனக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கவே தெரிந்தது. பிள்ளைக்கும் தெரிந்தது.

"யூ டோன்ட் கெட் இட், மம்" என்றாள் பிள்ளை. திட்டவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். பிறகு போக வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

லின் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகராதியில் இருந்த அத்தனை பொருளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறாள் என்று உதடு அசைந்ததில் விளங்கியது. எனக்கு ஒரு கடிதம் வரவில்லையா, நான் ஒன்றை வாங்கவில்லையா என்று யோசித்திருப்பாள். கடைசியில் என்னிடம் திரும்பி, "லாவ்ஷி, இது எந்த கெட்?" என்று கேட்டாள்.

"உனக்கு விளங்கவில்லை என்று சொல்கிறாள்" என்றேன்.

"ஓ" என்றாள் லின். "சரிதான். எனக்கு விளங்கவில்லை."

எனக்குக் கோபம் வந்தது. யாரோடு என்று தெரியாத கோபம். அந்தப் பிள்ளையிடம் ஒரு சொல் திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா? தும்புத்தடிக்கு அவ்வளவு வாயடித்தவள் பெற்ற பிள்ளையிடம் தலையை ஆட்டிக்கொண்டு இருக்கிறாளே. அதைச் சொன்னேன். அவள் "சொறி" என்றாள். சொறி சொல்லாதே என்றேன். அதற்கும் "சொறி" என்றாள். திரும்பி வர பஸ் இல்லை. பஸ் தரிப்பில் இருந்த கிழவரிடம் எப்போது வரும் என்று சிவம் கேட்டார். "வரும்போது வரும்" என்றாராம் அவர். அவர் பஸ்ஸுக்கு வந்தவரே இல்லை, அங்கே நிழல் இருக்கிறது என்று இருப்பவர். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் படிப்பிக்கப் போகவில்லை. ஊருக்குக் கொண்டுபோக ஒலிவ் எண்ணெய் வாங்கப் பல்லரோ சந்தைக்குப் போனேன். என் பழைய பெட்டி செத்துப்போனதால் லின்னின் கடையில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தேன். சும்மா தருகிறேன் என்றாள். நான் அதற்கெல்லாம் சம்மதிக்கிறவள் இல்லை, உரிய விலையைக் கொடுத்துத்தான் எடுத்தேன். அந்தப் பெட்டியையே சந்தைக்கு இழுத்துப் போனேன். தகர டின்களை அடுக்கி, மூடி, இரண்டு பக்கமும் மீன்காரர் கூவிக்கொண்டிருக்க, கல் பதித்த தெருவில் இழுத்து வரும்போது படாரென்று ஒரு சத்தம். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு சில்லு கழன்று தனியாக உருண்டு போய் ஒரு மீன்கடையின் கீழ் புகுந்துகொண்டது.

மீன்காரன் குனிந்து எடுத்து, துடைத்து, ஏதோ மோதிரம் கொடுப்பதுபோல் என் கையில் வைத்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சில்லில் மீன் செதிள் ஒட்டியிருந்தது. எனக்கு உச்சந்தலை கொதித்தது. முழுக் காசும் கொடுத்து வாங்கிய பெட்டி. பலெர்மோ, அதன் தெரு, பஸ், காப்பி, வாயைத் திறக்காத மாணவி எல்லாரும் சேர்ந்து அந்தச் சில்லுக்குள் இருந்தார்கள். பெட்டியைத் தூக்கி நிறுத்தி, மூன்று சில்லில் தரதரவென்று இழுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

"இது என்ன பெட்டி?" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். சில்லைக் கல்லாவின் மேல் வைத்தேன்.

லின் சில்லைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. கொண்டையில் இருந்த பென்சிலை உருவினாள்.

"சிஞ்ஞோரா," என்றாள். லாவ்ஷி இல்லை, சிஞ்ஞோரா. "உள்ளே என்ன?"

அதுவும் ஆங்கிலத்தில்.

"எண்ணெய்."

"எத்தனை?"

"அது எதற்கு உனக்கு? பெட்டி என்றால் சாமான் வைக்கத்தானே?"

"இது ஏர்போர்ட் சில்லு." உள்ளங்கையால் கல்லாவை வழுக்கென்று தடவிக் காட்டினாள். "ஏர்போர்ட் நிலம் இப்படி." பிறகு விரல் முட்டியால் டக்டக்கென்று குத்தினாள். "பல்லரோ நிலம் இப்படி. நீ ரோட்டோடு கோபி. என்னோடு ஏன் கோபம்?"

"ஒரு நல்ல கடையில் என்றால் இதற்குக் காசைத் திருப்பி..."

என் மூக்குக்கு நேரே ஒரு விரல் வந்தது.

"வெயிட்," என்றாள் லின். "ஐ நொட் ஃபினிஷ்."

நான் வாயை மூடினேன். இத்தனை வருடப் படிப்பிப்பில் எந்தப் பிள்ளையும் என் மூக்குக்கு முன்னால் விரல் நீட்டியதில்லை. சிவம் ஏணியில் ஒரு கட்டுப் பிளாஸ்டிக் பூவோடு அப்படியே நின்றார். கடைக்கு வந்திருந்த பலெர்மோப் பெண்கள் இருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு வசதியாக நின்று பார்த்தார்கள். லின் முடித்தாள். காசு திருப்பித் தரும் வழக்கம் இந்தக் கடையில் இல்லை. மாற்றித் தருவது உண்டு. எண்ணெயை இப்படி ஏற்றினால் எந்தச் சில்லும் நிற்காது, லொறிச் சில்லும் நிற்காது. இலக்கணம் முழுக்கப் பிழை. வினைச்சொல்லுக்குக் காலமே இல்லை. ஆனால் ஒவ்வொரு வசனத்திலும் ஒரு 'கெட்' வந்தது, தான் இருக்க வேண்டிய இடத்தில் வந்து இருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் "என் பெயர் லின்" என்று தொடங்கவில்லை. இத்தாலியனை இவள் வாத்தியாரிடம் படிக்கவில்லை, கல்லாவில் நின்று கிழவிகளோடு சண்டை பிடித்துப் படித்தாள். வாத்தியார் முன்னால் வாய் திறக்கக் கூடாது என்று அவளை வளர்த்திருக்கிறார்கள். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் வைத்திருந்தேன். அவளுக்கு வேண்டியது லாவ்ஷி இல்லை. காசைத் திருப்பிக் கேட்கும் ஒரு சிஞ்ஞோரா. அதற்கு என்னைவிடத் தோதான ஆள் இந்தத் தீவில் கிடையாது.

"கைபிடியும் சரியில்லை," என்றேன். "நிறமும் மங்குகிறது."

"விற்கும்போது நல்ல நிறம். நீ வெயிலில் வைத்தாய்."

"சிப் இறுகுகிறது."

"வயிறு பெரிசு. பெட்டியின் வயிறு," என்று அவசரமாகச் சேர்த்தாள்.

ஒரு சொல்லும் விளங்காத அந்த இரு பெண்களும் தங்களுக்குள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒருத்தி என் பக்கம், மற்றவள் லின் பக்கம் என்று சிவம் பிறகு சொன்னார். கடைசியில் லின் வேறொரு பெட்டியின் சில்லைக் கழற்றி, என் பெட்டியில் தானே திருகிப் பூட்டினாள். பூட்டி முடித்து நிமிர்ந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்தினாள். "லாவ்ஷி... சொறி."

"அந்தச் சொல் வந்தால் நான் இப்போதே போய்விடுவேன்," என்றேன்.

அன்றிலிருந்து பாடம் சண்டைதான். தினமும் காலையில் ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்குப் போவேன். குடை ஒழுகுகிறது, எலிப்பொறியில் எலி சிரிக்கிறது, பிளாஸ்டிக் பூ வாடிவிட்டது. அவள் சொல்லச் சொல்ல இடையில் வெட்டுவேன். வெட்டினால் அவள் விரலை நீட்ட வேண்டும், அது சட்டம். வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னபோது, "அக்கா, உங்களுக்கு இஞ்சை வந்த பிறகு முகத்திலை ஒரு களை வந்திருக்கு" என்றாள். எரிச்சலை வெளியில் விட ஒரு கடை கிடைத்தால் யாருக்கும் களை வரும்.

லின் ரோமுக்குப் போன அன்று எனக்குச் சமையலில் கை ஓடவில்லை. பருப்பை அடிப்பிடிக்க விட்டேன். மத்தியானம் சாப்பிட வந்த சிவத்தின் கைபேசி அடித்தது. வாங்கிக் காதில் வைத்தேன்.

"எப்படி?" என்று கேட்டேன்.

"பரீட்சகர் ஒரு பெண். மூன்றாவது வசனத்தில் 'சரி, நன்றி' என்றாள். போன முறை மாதிரியே."

"பிறகு?"

"நான் 'வெயிட்' என்றேன். 'ஐ நொட் ஃபினிஷ்' என்றேன்."

"விரலையும் நீட்டினாயா?"

"கொஞ்சமாக," என்றாள்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எனக்குக் காட்டும் விரலைப் பரீட்சகருக்கும் காட்டுவாள் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? மரியாதை தெரியாதவள் என்று பெயிலாக்கினால் அந்தப் பிள்ளையின் முகத்தில் யார் விழிப்பது? லின்னைத் திட்டினேன், ரோமைத் திட்டினேன், சிவத்தையும் சேர்த்துத் திட்டினேன்.

"நீங்கள்தானே அக்கா பழக்கினது" என்றாள் சாந்தி, வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு. சிரித்தால் தையல் நோகும், அதற்கும் என்னைத்தான் குற்றம் சொன்னாள்.

முடிவு வரும்வரை நான் கடைப்பக்கம் போகவில்லை, போகத் துணிவில்லை. ஊருக்குத் திரும்பும் நாள் வந்துவிட்டது. பெட்டியை இழுத்துக்கொண்டு, விமான நிலையப் பஸ்ஸுக்குப் போகும் வழியில், சொல்லிக்கொண்டு போவோம் என்று கடைக்குள் நுழைந்தேன். லின் கல்லாவைச் சுற்றி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று காலையில்தான் வந்ததாம். பாஸ். அவள் அழுதாள். நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. இனி விசா என்ற அடுத்த தலையிடி இருக்கிறது, அதை யார் படிப்பிப்பது என்று தெரியாது.

"யீயீக்குச் சொன்னாயா?" என்று கேட்டேன்.

இன்னும் இல்லை. நான் வந்த பிறகு சொல்வோம் என்று வைத்திருந்தாளாம். கைபேசியை எடுத்து அடித்தாள். பிள்ளை பள்ளிக்கூடச் சட்டையோடு, ஒரு கையில் சப்பாத்தோடு வந்தாள். லின் ஆங்கிலத்தில் சொன்னாள், "நான் பாஸ்." பிள்ளை ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு கத்தினாள். பிறகு ஆங்கிலத்தில் கொட்டத் தொடங்கினாள். தன் அறையில் அம்மாவுக்கு எந்தப் பக்கம், எந்தக் கடையில் என்ன வாங்கலாம் என்று என்னென்னவோ. பின்னால் தகப்பன் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"போக வேண்டும், மம்," என்று பிள்ளையின் கை பொத்தானுக்கு வந்தது.

"வெயிட்," என்றாள் லின். திரைக்கு நேரே விரல் நீண்டது. "ஐ நொட் ஃபினிஷ்."

பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. தன் தாயிடமிருந்து அவள் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் இருந்தாள்.

லின் சீனத்தில் கதைத்தாள். நீளமாக, அவசரமில்லாமல், நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கதைத்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துவிட்டு ஏதோ சின்னதாகப் பதில் சொன்னாள். அது ஆங்கிலம் இல்லை.

சிவம் வாசலில் நின்று கையைக் காட்டினார். "மச்சாள், பஸ் போகப் போகுது. கெதியா வாங்கோ."

"பொறுங்கோ தம்பி," என்றேன். "அவ இன்னும் முடிக்கேல்லை."